கங்காதர் எங்கே போனார்?

ஒரு சின்னப் பரீட்சை. கண்ணை மூடிக்கொண்டு 'சக்திமான்' என்று சொல்லிப் பாருங்கள். என்னென்ன ஞாபகம் வருகிறது?

ஒற்றைக் கையைத் தூக்கிக்கொண்டு ஒரு மனிதர் பம்பரம் மாதிரி சுற்றுகிறார். சரி. அடுத்து? சோடாபுட்டிக் கண்ணாடி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, உதட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கும் பல்வரிசையோடு ஒரு போட்டோகிராபர் 'கீதா ஜி, கீதா ஜி' என்று பின்னாலேயே ஓடுகிறார். இருட்டுக்குள்ளிருந்து தம்ராஜ் கில்விஷ் 'அந்தேரா காயம் ரஹே' என்கிறான். டாக்டர் ஜெக்கால் கண்ணை உருட்டிக்கொண்டு 'பவர்!' என்று கத்துகிறான். அப்புறம்?

அப்புறம் ஒன்றும் வராது. என் வயசுக்காரர்கள் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். எல்லோரும் இந்த நாலையும் சொல்லிவிட்டு, ஐந்தாவதுக்கு விட்டத்தைப் பார்க்கிறார்கள். இத்தனைக்கும் இந்த நாலும் முதல் ஒன்றிரண்டு வருஷத்துச் சரக்கு. தொடர் ஓடியது 1997 செப்டம்பர் 13 முதல் 2005 மார்ச் 27 வரை. எபிசோடுகள் நானூறுக்கு மேல். வருஷக் கணக்கில் சரியாக ஏழரை. (ஆரம்பித்தது சனிக்கிழமையில். ஜோசியர்கள் கவனிக்க.)

நான் ஏழரையையும் பார்த்தவன். கடைசி வரை அல்ல, கிட்டத்தட்ட. ஒரு நல்ல தொடர் எப்படிப் படிப்படியாக வீணாய்ப் போகிறது என்பதை ஜமக்காளத்தில் உட்கார்ந்து வாராவாரம் பார்த்தேன். அந்த எரிச்சல் இன்னும் முழுசாக அடங்கவில்லை. அதனால்தான் இந்த வாரம் உங்களை உட்கார்த்தி வைத்துப் பேசுகிறேன்.

எங்கள் ஊர் சங்கரன்கோவில். தொடர் ஆரம்பித்தபோது நான் பிளஸ் ஒன். அந்த வயசில் சக்திமான் பார்க்கிறேன் என்று வெளியில் சொல்ல முடியாது; தம்பிக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறேன் என்பதுதான் அதிகாரபூர்வ நிலைப்பாடு. தூர்தர்ஷனில் இந்தியிலேயே வந்தது. பின்னாளில் சக்திமான் தமிழிலும் பேசினார் என்றாலும் அப்போது எங்களுக்கு இந்திதான். தெருவில் ஒருத்தருக்கும் இந்தி தெரியாது, ஒரே ஒருவரைத் தவிர. ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆன தாத்தா. எல்லோருக்கும் அவர் மிலிட்டரி தாத்தா. அவர் நாற்காலியில், நாங்கள் தரையில். டி.வி.யில் ஒருவர் பேசி முடிப்பார், தாத்தா தமிழில் சொல்வார், பிறகுதான் நாங்கள் சிரிப்போம். தொடர் எப்போதுமே எங்களுக்கு ஐந்து செகண்ட் லேட்டாகத்தான் ஓடியது.

அந்தத் தாத்தாதான் என் அளவுகோல். 1998ல் அவர் ஒரு வசனம் விடாமல் மொழிபெயர்த்தார். கில்விஷுக்குத் தனிக் குரல்கூட வைத்திருந்தார். 2000 வாக்கில் சுருக்கிச் சொல்ல ஆரம்பித்தார். 'கெட்டவன் திட்டம் போடுதான். அம்புட்டுதான்.' அதற்கும் அப்புறம் சக்திமான் நின்ற இடத்தில் நின்று மூணு நிமிஷம் பேசுவார். நாங்கள் தாத்தா முகத்தைப் பார்ப்போம். அவர் வெற்றிலையை மடித்தபடி, 'ஒண்ணுமில்லலே, புத்தி சொல்லுதான்' என்பார். மூணு நிமிஷ வசனத்துக்கு மூணு வார்த்தை. எந்த விமர்சகரும் இதைவிடக் கச்சிதமாக எழுதியதில்லை.

என்ன ஆச்சு அந்தத் தொடருக்கு?

கிராபிக்ஸ் மோசம், அதனால் படுத்தது என்று இப்போது யூடியூபில் பார்த்துவிட்டுச் சிரிக்கிற பிள்ளைகள் சொல்வார்கள். நம்பாதீர்கள். கிராபிக்ஸ் முதல் நாளிலிருந்தே அப்படித்தான். அவர் கையை நீட்டிக்கொண்டு அப்படியே இருப்பார், பின்னால் ஊர் ஓடும். எங்களுக்கு அது குறையாகவே தெரியவில்லை. தெருக்கூத்தில் ஒரு மரப்பெட்டியைக் காட்டி சிம்மாசனம் என்றால் ஒத்துக்கொள்கிற ஜனம் நாம். நம்ப வேண்டிய விஷயத்தை நம்ப வைத்துவிட்டால், மற்றதை நாமே வரைந்து நிரப்பிக்கொள்வோம்.

ஆரம்பத்தில் அந்த நம்பிக்கையைச் சம்பாதித்து வைத்திருந்தார்கள். சூப்பர்மேன் வேறு கிரகத்திலிருந்து வந்தவர், பிறப்பிலேயே பலம். ஸ்பைடர்மேனைச் சிலந்தி கடித்தது, விபத்து. நம்ம ஆள் உட்கார்ந்து யோகம் பண்ணி, குண்டலினியை எழுப்பி, பஞ்சபூதங்களிடமிருந்து சக்தியைச் சம்பாதித்தவர். உழைத்தால் கிடைக்கும் என்கிற சக்தி. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவர் மகனுக்கு இது ரொம்பப் புரிகிற ஏற்பாடு. வேறு கிரகத்தில் பிறக்கிறது நம் கையில் இல்லை. சம்மணம் போட்டு உட்காரலாம் இல்லையா?

ஆனால் அதைவிடப் பெரிய சொத்து கங்காதர். முழுப் பெயர் பண்டிட் கங்காதர் வித்யாதர் மாயாதர் ஓம்கார்நாத் சாஸ்திரி. 'ஆஜ் கி ஆவாஸ்' பத்திரிகையில் போட்டோகிராபர். நிருபர் கீதா விஸ்வாஸின் வால். சூப்பர்மேனின் கிளார்க் கென்ட்டிடமிருந்து எடுத்தது என்பதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் கிளார்க் கென்ட் யார்? கண்ணாடி போட்ட அழகன். கண்ணாடியைக் கழற்றினால் சூப்பர்மேன், அவ்வளவுதான் மாற்றம். முகேஷ் கன்னா அந்த இடத்தில் ஒரு கோமாளியை வைத்தார். ஆபீஸில் அவரை யாரும் மதிப்பதில்லை. எல்லோரும் ஓட்டுகிறார்கள். தடுக்கி விழுகிறார். அந்த மனிதர்தான் சக்திமான் என்பது கீதாவுக்குத் தெரியாது, எடிட்டருக்குத் தெரியாது. சங்கரன்கோவிலில் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்குத் தெரியும்.

அந்த ரகசியம்தான் தொடர். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாத பையனுக்கு, 'நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாதுலே' என்கிற ஒரு நினைப்பு வேண்டியிருக்கிறது. அதை வாராவாரம் அரை மணி நேரம் கொடுத்தது கங்காதர். சக்திமான் மாதிரி ஆக எல்லாப் பிள்ளைகளும் சுற்றினார்கள், சரி. ஆனால் ஏற்கெனவே அவர்கள் கங்காதராக இருந்தார்கள். 2005ல் இந்தத் தொடர் முடிந்த சில மாதங்களிலேயே ஷங்கரின் 'அந்நியன்' வந்தது. அம்பியை எடுத்துவிட்டு அந்நியனை மட்டும் ஓட்டிப் பாருங்கள், தியேட்டரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று. எங்கள் ஊர்ச் சாமி பாதி சிவன், பாதி விஷ்ணு. ஒரு பாதியை எடுத்துவிட்டால் அவர் சங்கரநாராயணர் இல்லை. வேறு கோயிலுக்குத்தான் போக வேண்டும்.

போகப்போக கங்காதருக்கான நேரம் குறைந்தது என்பது என் புகார். முதலில் கங்காதர் இருப்பார், ஆபத்து வரும், எப்படி நழுவப் போகிறார் என்று நாம் பதறுவோம், ஒரு கதவுக்குப் பின்னால் போவார், சுற்றுவார். அந்தப் பதற்றம் போய், பெயர் ஓடி முடிந்ததும் சக்திமானே வந்து நிற்பார். வில்லன் ஒருத்தன் போனால் இன்னொருத்தன். அவன் மிரட்டுவான், இவர் உபதேசிப்பார், அவன் சிரிப்பான், இவர் மறுபடி உபதேசிப்பார். பஸ்ஸில் பக்கத்து சீட் ஆசாமி பேசிக்கொண்டே வருகிற மாதிரி. இறங்கவும் முடியாது, நம் ஊர் இன்னும் வரவில்லை.

ஏன் இப்படி ஆனது? இங்கேதான் நான் படித்த பி.காம். உதவிக்கு வருகிறது. (வேறெங்கும் வந்ததில்லை.)

அன்றைக்குத் தூர்தர்ஷனில் இந்த மாதிரித் தொடர்களுக்கு நடைமுறை என்ன தெரியுமா? சேனல் உங்களுக்குப் பணம் தராது. நீங்கள்தான் சேனலுக்கு ஒவ்வொரு எபிசோடுக்கும் கட்டணம் கட்ட வேண்டும். பதிலுக்கு இத்தனை செகண்ட் விளம்பர நேரம் தருவார்கள். அதை பிஸ்கட் கம்பெனிக்கும் பேஸ்ட் கம்பெனிக்கும் விற்று, கட்டணத்தைக் கழித்து, தொடர் எடுத்த செலவையும் கழித்து, மிச்சம் இருந்தால் உங்களுக்கு. ஆக, இது சினிமா வியாபாரம் இல்லை. வாடகைக்குக் கடை பிடிக்கிற வியாபாரம்.

வாடகை எப்படி ஏறியது என்பதை முகேஷ் கன்னாவே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆரம்பத்தில் சனிக்கிழமைக் காலையிலும் செவ்வாய் மாலையிலும் வந்தபோது எபிசோடுக்கு 4 லட்சத்துக்குச் சற்றுக் கீழே. ஞாயிறு மதியத்துக்கு மாறியதும் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிறகு 10 லட்சத்தைத் தாண்டியது. கடைசியில் 16 லட்சம் கேட்டார்கள், கட்டுப்படியாகவில்லை, நிறுத்தினேன் என்பது அவர் கட்சி.

ஆடித்தபசு சமயத்தில் எங்கள் ஊர் ரதவீதியில் கடை போடுகிற மிட்டாய்க்காரரிடம் கேளுங்கள். தரை வாடகை நாலு மடங்கு ஏறினால் அல்வாவில் என்ன குறையும் என்று அவர் சொல்வார். நெய்தான் குறையும். அளவு குறைந்தால் வாங்குகிறவன் உடனே சண்டைக்கு வருவான். நெய் குறைந்தால் வீட்டுக்குப் போய்த்தான் தெரியும்.

தொடரில் நெய் என்பது கதை. சண்டைக்கு ஆள் வேண்டும், செட் வேண்டும், நாள் வேண்டும். கங்காதர் காமெடிக்கு உட்கார்ந்து யோசிக்க ஒரு ஆள் வேண்டும். நின்று புத்தி சொல்ல? இரண்டு லைட் போதும். போன வாரக் கதையை மறுபடி காட்ட அதுவும் வேண்டாம். அந்த வருஷங்களில் நான் கடிகாரத்தை வைத்துக் கணக்குப் பார்த்ததுண்டு. பாட்டு, முன்கதை, விளம்பரம், கடைசி அறிவுரை எல்லாம் போக, கதை நகர்ந்த நேரத்தில் ஒரு டீகூட ஆற்றிக் குடிக்க முடியாது. காஸ்ட் அக்கவுன்டிங் பாடத்தில் இதற்குப் பெயர் செலவுக் கட்டுப்பாடு. பார்க்கிறவன் பாஷையில் வேறு பெயர்.

ஆனால் எல்லாப் பழியையும் வாடகை மேல் போட்டுவிட முடியாது. முகேஷ் கன்னாதான் கதாநாயகன், அவரேதான் தயாரிப்பாளர். இயக்கியவர் தினகர் ஜானி என்றாலும் முதலாளி யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. முதலாளியிடம் போய், 'சார், இந்த வாரம் நீங்கள் தோற்கணும். அடுத்த வாரம் முழுக்கப் பல்லைக் காட்டிக்கொண்டு அசடு வழியணும்' என்று எந்த ஊழியர் சொல்வார்? நம் கோடம்பாக்கத்தில் நடக்காததா. படம் ஓட ஓட ஹீரோவின் பலவீனங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, பத்தாவது படத்தில் அவருக்கு ஜலதோஷம்கூடப் பிடிக்காது. 2002ல் அவரே 'ஆர்யமான்' என்று விண்வெளியில் இன்னொரு வீரனாகவும் கிளம்பிவிட்டார். இரண்டு உலகங்களைக் காப்பாற்றுகிற அவசரத்தில் போட்டோகிராபருக்கு எங்கே நேரம்?

இதில் எனக்குத் தாங்காத வேடிக்கை ஒன்று உண்டு. இந்தியத் தொலைக்காட்சியின் மிகச் சிறந்த சூப்பர் ஹீரோவாகவும் அதற்கு முன் அவரேதான் நடித்திருந்தார். பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத'த்தில் பீஷ்மர். நினைத்தபோது சாகலாம் என்கிற வரம் பெற்றவர். பரசுராமரிடமே சமமாகப் போரிட்டவர். ஆனால் ஒரு சபதத்தில் மாட்டிக்கொண்டு, கண்ணெதிரே சபையில் அநியாயம் நடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர். அவ்வளவு பலம், அவ்வளவு கையாலாகாத்தனம், ஒரே உடம்பில். எங்கள் தெருவில் பாட்டிகள் அழுதது அதற்குத்தான், அம்புக்கு இல்லை. கில்விஷாக வந்த சுரேந்திர பால் யார் என்று பார்த்தால், அதே மகாபாரதத்தின் துரோணர். பீஷ்மரும் துரோணரும் அங்கே ஒரே கட்சியில் நின்று தப்பான பக்கம் சண்டை போட்டார்கள். இங்கே ஆளுக்கொரு பக்கம். அங்கே இருந்த சிக்கலில் கால்வாசியாவது இங்கே கொண்டுவந்திருக்கலாம். இருவருக்குமே அது தெரிந்த சரக்குதான்.

தெற்கத்திப் பிள்ளைகளுக்கு இன்னொரு ஒப்பீடும் கைவசம் இருந்தது. சிவகாசி எங்களுக்குப் பக்கம். அங்கிருந்து 1972ல் முத்து காமிக்ஸ் வந்தபோது அதன் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்துச் சரக்குதான், தமிழ் பேசியது. அவருக்கு மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், ஆனால் இரும்புக்கை மட்டும் தெரியும். அந்தரத்தில் ஒரு கை மட்டும் போய்க்கொண்டிருக்கும். பாருங்கள், எவ்வளவு அழகான இடைஞ்சல்! மறையவும் வேண்டும், முழுசாக மறையவும் முடியாது. நேரம் போனால் உடம்பு திரும்பத் தெரிந்துவிடும், அப்புறம் கரண்டைத் தேடி ஓட வேண்டும். 2008க்குப் பிந்தைய சில வருஷங்கள் அவர் எங்கள் ஊரில் குடியிருந்தார் என்றால் பகலெல்லாம் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்திருப்பார். அந்த 'முடியாது'தான் கதை. சக்திமானுக்கு நாளாக ஆக முடியாதது என்று ஒன்றும் மிச்சமில்லாமல் போனது.

சொன்ன கதையையே சொன்னார்கள் என்கிற புகார் என்னிடம் இல்லை. ஆடித்தபசு வருஷாவருஷம் ஒரே கதைதான். கோமதி அம்பாள் தபசு இருக்கிறாள். அரியும் சிவனும் ஒன்றாகக் காட்சி தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாள். சாயங்காலம் சங்கரநாராயணராகக் காட்சி. ராத்திரி மறுபடி சங்கரலிங்கமாகக் காட்சி. என்ன நடக்கப் போகிறது என்று நிற்கிற லட்சம் பேருக்கும் தெரியும். சுற்றுப்பட்டு விவசாயிகள் விளைந்ததைக் கொண்டுவந்து சூறை விடுகிறார்கள். இருந்தும் அந்த ஒரு நிமிஷத்துக்குக் கூட்டம் எக்கி எக்கி நிற்கிறது. ஏனென்றால் அம்பாள் காத்திருக்கிறாள். வேண்டும் என்று ஒருவர் நிற்கிறார், இன்னும் கிடைக்கவில்லை. சக்திமானுக்குக் கடைசிக் காலத்தில் வேண்டியது என்ன? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கீதாவே அவருக்கு வேண்டுமா என்பதுகூட மங்கிப்போனது.

இன்னொரு காரணம் கொஞ்சம் கனமானது. அதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

தொடர் புகழின் உச்சியில் இருந்தபோது வடக்கேயிருந்து செய்திகள் வந்தன. சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பி ஒரு பிள்ளை மாடியிலிருந்து குதித்தது, ஒரு பிள்ளை தீ வைத்துக்கொண்டது என்று பத்திரிகைகள் எழுதின. முகேஷ் கன்னா தொடரோடு அவற்றுக்குச் சம்பந்தம் இல்லை என்று மறுத்தார். தொடரை நிறுத்தச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. அவர் திரையில் தோன்றி, இதையெல்லாம் செய்து பார்க்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னார். அதைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் தெரு அம்மாக்களே கொஞ்ச காலம் மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள்.

ஆனால் அதோடு தொடருக்கே ஒரு பயம் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். ஏற்கெனவே எபிசோடின் முடிவில் 'சின்னச் சின்ன, ஆனால் பெரிய விஷயங்கள்' என்று ஒரு அறிவுரைப் பகுதி இருந்தது. பல் தேய், பொய் சொல்லாதே, பெரியவர்களை மதி. தப்பு செய்த பிள்ளை கடைசியில் 'சாரி சக்திமான்' என்று சொல்லும். ஆரம்பத்தில் அது சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் வாழைப்பழம். போகப்போக இலை முழுக்க வாழைப்பழமாகிவிட்டது. நம்மை நம்பி ஒரு பிள்ளை குதித்துவிடுமோ என்று பயப்படுகிறவர், பிள்ளையோடு விளையாட மாட்டார். ஹெட்மாஸ்டராகத்தான் நிற்பார். மிலிட்டரி தாத்தா சொன்ன 'புத்தி சொல்லுதான்' அங்கே ஆரம்பித்தது.

எனக்கு இதில் ஒரு வாதம் உண்டு. ஒத்துக்கொள்ள முடிகிறதா பாருங்கள். சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று ஒரு பிள்ளை நம்புகிறது என்றால், அதற்கு மருந்து சக்திமானை இன்னும் பெரிய ஆளாக்கி, கடவுள் ஸ்தானத்தில் உட்காரவைத்து, அங்கிருந்து 'குதிக்காதே' என்று சொல்ல வைப்பது இல்லை. அவரால் போய்ச் சேர முடியாமல் போன ஒரு இடத்தைக் காட்டுவதுதான். ஒரு வாரம் அவர் தாமதமாகப் போயிருக்கட்டும். ஒரு உயிர் போகட்டும். கங்காதராக அவர் ஆபீஸில் உட்கார்ந்து, யாரிடமும் சொல்ல முடியாமல் அழட்டும். பீஷ்மராக உட்கார்ந்து பழகியவர்தானே. எட்டு வயசுப் பிள்ளைக்கும் அது புரிந்திருக்கும்.

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 1966ல் அமெரிக்காவில் வாரத்துக்கு இரண்டு தடவை வந்து சக்கைப்போடு போட்ட 'பேட்மேன்', மூன்றாவது சீசனில் வாரம் ஒன்றாகி, செலவைக் குறைத்து, புதிதாக ஒரு பேட்கேர்ளைச் சேர்த்துப் பார்த்தும் தாங்காமல் 1968 மார்ச்சில் மூடப்பட்டது. 2006ல் 'ஹீரோஸ்' என்று ஒரு தொடர் வந்தது. அதில் மொகிந்தர் சுரேஷ் என்கிற விஞ்ஞானி மெட்ராஸிலிருந்து கிளம்புவார். (மெட்ராஸில் மொகிந்தர் என்ற பெயரில் யாரைப் பார்த்தார்களோ!) நடித்தவர் செந்தில் ராமமூர்த்தி. முதல் சீசனை உலகமே பார்த்தது. இரண்டாவது சீசன் இழுவை என்று ரசிகர்கள் கொதித்தபோது, அதை உருவாக்கிய டிம் கிரிங் 2007லேயே ஒரு பத்திரிகை மூலம் தவறுகளை ஒப்புக்கொண்டார். வேகம் போதவில்லை, புது ஆட்களைக் கொண்டுவந்த விதம் சரியில்லை என்று. ஒப்புக்கொண்டும் பிழைக்கவில்லை, 2010ல் முடிந்தது. நாலு சீசன். நம்ம ஆள் ஏழரை வருஷம் தாங்கினார் என்பதை அவர் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

இங்கேயே, அதே காலத்தில், முடிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். மின்பிம்பங்கள் தயாரிப்பில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'விடாது கருப்பு'. குதிரையில் வருகிற கருப்புசாமி எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு சக்திமானைவிட நிஜம். ஊர் எல்லையில் அரிவாளோடு நின்றுகொண்டிருப்பவர். மர்மம் அவிழ்ந்ததும் தொடரை முடித்துவிட்டார்கள். அதனால்தான் அதன் கடைசிக் காட்சிகளைப் பற்றி இன்றைக்கும் டீக்கடையில் பேச்சு நடக்கிறது. சக்திமானின் கடைசி எபிசோடில் என்ன நடந்தது என்று யாராவது பேசி நீங்கள் கேட்டதுண்டா? 2005ல் எங்கள் தெருவில் அந்த நேரத்தில் டி.வி.யே ஓடவில்லை. பிள்ளைகள் அதற்கு முந்தைய வருஷமே சன் டிவியில் 'மை டியர் பூதம்' மூசாவோடு கிளம்பிவிட்டார்கள். மூசாவாவது அவர்களோடு சேர்ந்து சேட்டை பண்ணினான்.

2020 ஏப்ரலில், ஊரடங்கில், தூர்தர்ஷன் பழைய எபிசோடுகளை மறுபடி ஓட்டியபோது உட்கார்ந்து பார்த்தேன். ஆரம்ப எபிசோடுகள் இன்றைக்கும் நிற்கின்றன. முகேஷ் கன்னா நல்ல நடிகர். அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை அநியாயம். கங்காதராக நடக்கும்போது அவருடைய தோளே இரண்டு அங்குலம் இறங்கிவிடுகிறது. அவ்வளவு உயரமான மனிதர் எப்படியோ சின்னவராகிவிடுகிறார். ஜெக்காலாக வரும் லலித் பரிமூவுக்கு விஞ்ஞானம் தலைக்கேறின பைத்தியம் இப்பவும் பயமாகத்தான் இருக்கிறது. இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டா அப்படிச் செய்தார்கள் என்று எரிச்சல் இரண்டு மடங்கானதுதான் மிச்சம்.

2022 பிப்ரவரியில் சோனி பிக்சர்ஸ் சக்திமானைப் பெரிய திரையில் மூன்று பாகமாக எடுக்கப் போவதாக அறிவித்தது. ரன்வீர் சிங் பெயர் அடிபட்டது. 2024ல் முகேஷ் கன்னா, அவருக்கு இந்த வேஷம் பொருந்தாது என்று வெளிப்படையாகவே எதிர்த்தார். அதே வருஷம் நவம்பரில், அறுபதைத் தாண்டிய அவரே பழைய உடுப்பை மாட்டிக்கொண்டு ஒரு டீசரில் வந்து, தேசத் தியாகிகளைப் பற்றிப் பாடினார். மறுபடியும் புத்திமதி. இணையத்தில் கிண்டல் செய்தார்கள். நான் சேர்ந்துகொள்ளவில்லை; என் தம்பி அந்த வீடியோவை எனக்கு அனுப்பி, கீழே ஒரு வரி மட்டும் எழுதியிருந்தான்: 'தாத்தா இருந்திருந்தா ரெண்டு வார்த்தையில முடிச்சிருப்பாரு.'

படம் வருமோ வராதோ. யார் நடிக்கலாம் என்று பேசுகிற எல்லோரும் புஜத்தையும் உயரத்தையும் பற்றித்தான் பேசுகிறார்கள். புஜத்துக்கு ஜிம் இருக்கிறது. எனக்கு ஒரு சந்தேகம்தான்: வரப்போகிற அந்த நட்சத்திரம், முதல் ஒரு மணி நேரத்துக்கு அந்தப் பல் செட்டை மாட்டிக்கொள்ளச் சம்மதிப்பாரா?